46-ஐ விட்டுவிட்டு 11-இடமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு கைடு தேடுகிறாள். ஒரு பேராசிரியர் எண் கோட்பாட்டில் இருக்கிறார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அவருடைய எச்-இன்டெக்ஸ் 11. இன்னொருவர் மருத்துவப் படங்களைக் கணினியில் அலசும் குழுவில் இருக்கிறார், அவருக்கு 46. மகளுக்கு முதலாமவரிடம் சேரத்தான் ஆசை. வீட்டில் நாங்கள் எல்லோரும், "46-ஐ விட்டுவிட்டு 11-இடமா போவாய்?" என்கிறோம். உங்கள் கருத்து என்ன?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

மகள் பக்கம்தான் நான்.

எச்-இன்டெக்ஸ் 11 என்றால், தலா 11 தடவையாவது மற்றவர்கள் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் அவருக்கு 11 இருக்கின்றன என்று பொருள். அவ்வளவுதான். 2005-இல் இந்தக் கணக்கைக் கொண்டுவந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ், கலிபோர்னியாவில் வேலைபார்க்கும் இயற்பியலாளர். அவருடைய அந்தக் கட்டுரையையே பாருங்கள். இயற்பியலில் முதலிடம் எட்வர்ட் விட்டனுக்கு, 110. உயிர் அறிவியல் பக்கம் போனால் சாலமன் ஸ்னைடருக்கு 191. விட்டன் ஸ்னைடரைவிடச் சிறிய விஞ்ஞானி என்று யாராவது சொல்வார்களா? உயிர் அறிவியலில் ஆட்கள் அதிகம், கட்டுரைகள் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் நீளமான மேற்கோள் பட்டியல். எண் தானாக ஏறும்.

கணிதத்தில் எல்லாமே மெதுவாக நடக்கும். ஒரு கட்டுரையைச் சரிபார்க்கவே ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகலாம். அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் உலகம் முழுக்கச் சில டஜன் பேர் மட்டுமே இருப்பதும் உண்டு. அப்புறம், கட்டுரை ஆசிரியர்களின் பெயர்களை அங்கே அகர வரிசையில் போடுவார்கள்; அதிகம் உழைத்தவர் பெயரை முதலில் போடும் வழக்கம் பொதுவாக இல்லை. 'முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை?' என்று நேர்காணலில் கேட்டால் கணிதக்காரர் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். இன்னொரு கோடியில் துகள் இயற்பியல் இருக்கிறது: ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் வந்த ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் அவர்கள் பெயர்களுக்கும் அவர்களுடைய நிறுவனங்களின் பெயர்களுக்குமே போய்விட்டது. அதற்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் 5,154 பேர் கணக்கிலும் முழுசாக ஏறும்.

அதிகம் மேற்கோள் பெறுவதும் பெரிய கண்டுபிடிப்பும் ஒன்றல்ல. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை ஆலிவர் லௌரியும் கூட்டாளிகளும் 1951-இல் எழுதினார்கள். ஒரு சமையல் குறிப்பு மாதிரிதான். புரதம் அளந்தவர்களெல்லாம் அதைக் குறிப்பிட்டுக் குறிப்பிட்டே மேற்கோள்கள் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டன. 2014-இல் 'நேச்சர்' அறிவியல் இதழ் அதிக மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது அதுதான் முதலிடம். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன 1953-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அந்த நூறில் இடமே இல்லை.

ராமானுஜன் வெளியிட்டவை 37 கட்டுரைகள்; அவருடைய எச்-இன்டெக்ஸ் 37-ஐத் தாண்ட வழியே இல்லை. ஆனால் ராமானுஜனைக் காட்டி எல்லா எண்ணையும் தூக்கிப் போடுவதும் எனக்குப் பிடிக்காது. எல்லோரும் ராமானுஜன் இல்லையே. ஒரே துறையில், ஏறக்குறைய ஒரே அனுபவம் உள்ளவர்களுக்குள் ஒப்பிட்டால் இந்த எண் ஓரளவு பேசும். அந்தப் பேராசிரியரைப் போலவே எண் கோட்பாட்டில் இருக்கும் நாலைந்து பேருடைய எண்களை மகளையே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கூகுள் ஸ்காலரிலேயே எடுக்கட்டும். மற்ற தரவுத்தளங்கள் சேர்க்காத ஆய்வேடுகளையும், இதழில் வருமுன் இணையத்தில் போடும் முன்வரைவுகளையும் அது சேர்த்துக்கொள்வதால் எண் கூடுதலாகக் காட்டும்; வேறு தளத்து எண்ணோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

அதற்குமேல் எண்ணை விட்டுவிடலாம். அவரிடம் பிஎச்.டி. செய்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், வாரம் ஒருமுறையாவது மாணவர்களோடு உட்கார்ந்து பேசுகிறாரா? இதெல்லாம் எந்தத் தளத்திலும் முழுசாகக் கிடைக்காது. பழைய மாணவர்கள் இரண்டு பேருக்கு மகள் போன் போட்டுக் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது.