செல்கள் சேர்ந்தால் உடம்பு ஆகிவிடுமா? கேள்வி பதில்

பிளஸ் ஒன் மாணவி: மேடம், ஒரே செல் பெரிதாக வளர்ந்தால் போதாதா? எதற்கு இத்தனை கோடி?

பதில்: உணவும் ஆக்சிஜனும் செல்லின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கனசதுரத்தின் பக்கத்தை இரட்டித்தால் பரப்பு 4 மடங்கு, கனஅளவு 8 மடங்கு. வாசல் போதாமல் போய்விடும். விதிவிலக்கும் உண்டு. மன்னார் வளைகுடாவில் காலெர்ப்பா என்ற பாசி இருக்கிறது. தண்டு, இலை மாதிரியெல்லாம் தெரியும். ஆனால் முழுவதும் ஒரே செல், உள்ளே ஏராளமான உட்கருக்கள்.

செந்தில்: செல்கள் கூட்டமாக இருந்தாலே பலசெல் உயிரியா?

பதில்: கூட்டம் மட்டும் போதாது, வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வால்வாக்ஸ் பாசியில் சுமார் 2,000 சிறு செல்கள் நீந்துவதோடு சரி. வாரிசு உண்டாக்குவது சுமார் 16 பெரிய செல்கள்தான்.

கயல்: கடற்பஞ்சைத் துணியில் பிழிந்தாலும் சாகாதாமே?

பதில்: உண்மைதான். கடற்பஞ்சு ஓர் எளிய கடல் விலங்கு. 1907-இல் ஹெச். வி. வில்சன் என்ற விலங்கியலாளர் அதை மெல்லிய பட்டுத்துணி வழியாகப் பிழிந்து செல்களைத் தனித்தனியாக்கினார். அவை ஊர்ந்து வந்து ஒட்டி மறுபடி பஞ்சானது. நம் கல்லீரலிடம் இதை எதிர்பார்க்காதீர்கள்!

பிளஸ் ஒன் மாணவி: எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்றால் கண் எப்படிக் கண்ணாகிறது?

பதில்: எந்த மரபணு வேலை செய்கிறது, எது அடங்கியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அப்புறம், 'எல்லா செல்லிலும்' என்று பரீட்சையில் எழுதாதே. முதிர்ந்த ரத்தச் சிவப்பணுவில் டிஎன்ஏவை வைத்திருக்கும் உட்கருவே கிடையாது.

ராஜி: செல்கள் தாமாகவே சாகும் என்று படித்தேன். நோயா அது?

பதில்: நோயில்லை, உடம்பு உருவாகும் விதமே அதுதான். கருவில் நம் கை முதலில் துடுப்பு போலத்தான் இருக்கும். விரல்களுக்கு இடையில் உள்ள செல்கள் செத்த பிறகே விரல்கள் பிரியும். சி. எலிகன்ஸ் என்ற புழுவில் இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். இருபால் புழுவில் உருவாகும் 1,090 உடல் செல்களில் 131 குறித்த நேரத்தில் சாகும், மிஞ்சுவது 959. புழுவுக்குப் புழு அதே செல்கள். இந்த ஆய்வுகளுக்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002-இல் நோபல் பரிசு. சாக வேண்டிய செல் சாகாமல் பெருகுவதும் புற்றுநோய்க்கு ஒரு காரணம்.

ராஜி: அப்படியென்றால் யானைக்குத்தானே புற்றுநோய் அதிகம் வர வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி. செல்கள் அதிகம், ஆனால் புற்றுநோய் குறைவு. பழுதான செல்லைச் சாகவைக்கும் டிபி53 மரபணு நமக்கு ஒன்று. யானையில் அசலும் நகல்களுமாகச் சுமார் 20. நகல்கள் பலவும் அரைகுறைதான். ஆனாலும் யானையின் செல்லில் டிஎன்ஏ பழுதானால், நம் செல்லைவிடச் சீக்கிரம் சாகிறது.