ஆபரேஷன் நடந்த சனிக்கிழமை

கேள்வி:

எனக்கு 41 வயது. ஆறு வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில் நான்கு நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறேன். கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். குடி கிடையாது, பணம் வைத்து ஆடுவது கிடையாது. ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஒரு கதையை வளர்க்கிறோம், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் ஆட்டம் தள்ளிப்போனது, அதுவும் கிளெரிக் (கூட்டத்தில் காயத்தை ஆற்றும் பூசாரிப் பாத்திரம்) ஆடும் நண்பரின் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால். என் மனைவி, "தலை நரைக்கிற வயசில் பூதத்தோடு சண்டையா?" என்று கேலி செய்கிறாள். தம்பி அதைவிட மோசம். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த சனிக்கிழமையும் நான் ஆட்டத்தை நிறுத்தவில்லை என்று சில மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அன்று தம்பி மருத்துவமனையில் இருந்தான். நான் போய்ச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்பாவும் நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். பெரியவர்கள் இப்படி விளையாடுவது தவறா? தவறில்லை என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? (கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

பதில்:

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு ஒரு பத்தி போதும். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

தவறில்லை. இது உங்களுக்கே தெரியும். தெரிந்ததால்தான் நாங்கள் சுருக்கிய பகுதியில் அத்தனை வரலாறு எழுதியிருக்கிறீர்கள். பிரஷ்ய ராணுவத்தின் லெப்டினன்ட் ஒருவர் 1824-இல் வரைபடம், பகடை, நடுவர் என்று ஒரு போர் விளையாட்டுக்கு விதிகள் வெளியிட்டதும், வளர்ந்த அதிகாரிகள் உட்கார்ந்து அதை ஆடியதும் உண்மை. அந்த நடுவரின் வாரிசுதான் உங்கள் டன்ஜன் மாஸ்டர் என்பதும் சரி. 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தபோது அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸுக்கு 35 வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை போய், செருப்பு பழுதுபார்த்துப் பிழைப்பை ஓட்டியவர், பிள்ளைகுட்டிக்காரர். பெரியவர்கள் உருவாக்கிய விளையாட்டைப் பெரியவர்கள் ஆடுகிறீர்கள். ஆடுங்கள். இதற்கு என் சான்றிதழ் தேவையில்லை.

இந்தக் கடிதம் எனக்கு அடிக்கடி வரும். பொழுதுபோக்கின் பெயர்தான் மாறும். ஒருவருக்குச் செஸ், ஒருவருக்குப் பழைய பைக், ஒருவருக்கு விடியற்காலையில் எழுந்து பறவை பார்ப்பது. எல்லோரும் "நான் செய்வது தப்பா?" என்றே கேட்பார்கள். அதில் ஒரு வசதி இருக்கிறது. பொழுதுபோக்கைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்றிவிட்டால், தான் வக்கீலாக நின்று வாதாடலாம். நிற்க வேண்டிய ஆள் தான்தான் என்பது மறந்துபோகும்.

நான் உங்கள் கடிதத்தில் ஒரு வரியில்தான் நின்றுவிட்டேன். "அன்று தம்பி மருத்துவமனையில் இருந்தான். நான் போய்ச் செய்வதற்கு ஒன்றும் இல்லை." போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் மறுபடியும் விளையாட்டுக்குப் போய்விட்டீர்கள்.

மருத்துவமனையில் தம்பி என்ன செய்தார் என்று எப்போதாவது கேட்டீர்களா? நான் சொல்கிறேன், ஏனென்றால் எல்லா இடத்திலும் அது ஒன்றுதான். உள்ளே கூட்டிப்போவதற்கு முன்னால் அப்பாவின் கண்ணாடி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி அவர் கையில் கொடுத்திருப்பார்கள். எது நடந்தாலும் சம்மதம் என்று அச்சடித்த ஒரு தாளை நீட்டியிருப்பார்கள். அதை முழுதாகப் படிக்கவும் முடியாமல், படிக்காமல் இருக்கவும் முடியாமல் கையெழுத்துப் போட்டிருப்பார். அப்புறம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றிருப்பார். நீங்கள் சொல்வதுபோல அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லைதான். தம்பிக்கும் ஒன்றும் இல்லை. இருந்தும் அவர் இருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் அண்ணனாக இருந்திருக்க வேண்டும்.

ஆட்டத்தைத் தள்ளிவைக்க முடியாது, ஐந்து பேரையும் ஒரே நாளில் சேர்ப்பது குதிரைக்கொம்பு என்று சொல்வீர்கள். சொல்ல முடியாதபடி நீங்களே வாயை அடைத்துக்கொண்டுவிட்டீர்கள். நண்பரின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது தள்ளிவைத்தீர்களே! அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அதன் அம்மா வீட்டில் இல்லையா? இருந்திருப்பார். அந்த நண்பர் போய்க் காய்ச்சலை இறக்கிவிடப் போகிறாரா? இல்லை. ஆனாலும் அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று உங்களுக்கு அன்று புரிந்தது. அது சரியான புத்தி. சொந்த அப்பா விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எங்கே போனது?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆடுகிற நான்கு பேரையும் பற்றி, அவர்கள் எடுத்திருக்கும் பாத்திரங்களைப் பற்றி, யார் எந்தச் சண்டையில் எப்படித் தப்பித்தார் என்பது பற்றி விவரமாக எழுதியிருந்தீர்கள். போர்வீரன் விழுந்த கதையை நானே இரண்டு முறை படித்தேன், நன்றாக இருந்தது. எரிகிற பாலத்தின் நடுவில் அவனுடைய ஹிட் பாயின்ட், அதாவது மிச்சமிருக்கும் உயிரின் கணக்கு, பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. விதி என்ன? கீழே கிடப்பவர் தன் முறை வரும்போதெல்லாம் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி, கீழே விழுந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி முதலில் சேர்ந்தால் பிழைத்துக் கிடப்பார், மூன்று தோல்வி முதலில் சேர்ந்தால் கதை முடிந்தது. உங்கள் போர்வீரனுக்கு இரண்டு தோல்வி ஆகிவிட்டது. அப்போது அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட, அதே கூட்டத்தின் திருடி திரும்பி ஓடிவந்தாள். அவளிடம் மந்திரம் இல்லை, மருந்து இல்லை. தன் முறையைச் செலவழித்து அவன் பக்கத்தில் மண்டியிட்டுக் காயத்தைக் கட்டப் பார்த்தாள். அதற்கும் பகடைதான் விழ வேண்டும், விழாமலும் போகும். அந்த இடத்தில் மேசையில் யாரும் மூச்சுவிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவளைப் பார்த்து, "நீ போய்ச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, கிளெரிக் பார்த்துக்கொள்வார்" என்று நீங்கள் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் உங்கள் நண்பர்கள் பகடையை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள்.

தம்பிக்கு அந்தக் கடிதத்தில் கிடைத்தது இரண்டே வரி. அவர் என்ன வேலை பார்க்கிறார், குடும்பம் இருக்கிறதா, அன்று லீவு போட்டுவிட்டு வந்தாரா, எதுவும் இல்லை. அப்பாவுக்கு என்ன ஆபரேஷன் என்றுகூட எழுதவில்லை.

நீங்கள் கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைக்கவில்லை. கல்நெஞ்சக்காரர்கள் இவ்வளவு நீளமாக எழுத மாட்டார்கள். நீங்கள் பயந்துவிட்டீர்கள். மாஸ்டர் உட்காரும் இடத்தில் மடித்து நிறுத்திய ஒரு அட்டைத் திரை இருக்கும். அதற்குப் பின்னால் குகையின் வரைபடம், எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற குறிப்பு, மற்றவர்கள் பார்க்க முடியாத பகடை. ஒரு நல்ல பாத்திரம் அநியாயமாகச் சாகப்போகிறது என்றால், திரைக்குப் பின்னால் விழுந்த எண்ணைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக் காப்பாற்றும் மாஸ்டர்கள் உண்டு. (செய்யலாமா கூடாதா என்று இந்த விளையாட்டுக்காரர்கள் வருடக்கணக்காக அடித்துக்கொள்வார்கள், அது வேறு.) அப்படி ஒரு நாற்காலியில் ஆறு வருடம் உட்கார்ந்தவருக்கு ஆபரேஷன் தியேட்டரின் மூடிய கதவு தாங்காது. அங்கே குறிப்பு உங்கள் கையில் இல்லை, எண்ணை மாற்ற முடியாது. அதனால் எல்லாக் கதவுக்குப் பின்னாலும் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

புரிகிறது. ஆனால் மன்னிக்கும்படியாக இல்லை. பயம் உங்களுக்கு மட்டுமா? தம்பிக்கும் அதே அப்பாதான். அவரும் பயந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டார். மூத்தவன் பயந்து ஒதுங்கினால் இளையவன் தலையில் எல்லாம் விழும், அவன் வாயைத் திறந்து கேட்கவும் மாட்டான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒரு குடும்பத்தில் மூத்த பிள்ளையாக இருப்பது முதலில் பிறந்ததற்குக் கொடுக்கும் பட்டம் இல்லை என்று நான் நம்புகிறவள். பழைய பாட்டு என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதை எனக்குச் சாட்சியாகக் காட்டாதீர்கள். முடியாமல் போயிருந்தால் இன்று இந்தக் கடிதத்தை எந்தத் தலைப்பில் எழுதியிருப்பீர்கள்?

மனைவியின் கேலிக்கு வருவோம். பூதத்தைச் சொல்லிச் சிரிக்கிறார் என்று நினைக்கிறீர்கள். அவரும் அந்தச் சனிக்கிழமை உங்களைப் பார்த்தவர். மாமனார் தியேட்டரில் இருக்கும்போது கணவர் பகடைப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அதை நேரடியாகச் சொன்னால் வீட்டில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், அதனால் டிராகனைத் திட்டுகிறார். நீங்கள் 1824-ஐயும் 1974-ஐயும் அவரிடம் எடுத்துச்சொன்னால், அவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதாக ஆகும்.

சரி, என்ன செய்வது? முதலில், செய்யக் கூடாதது. "இனிமேல் ஆடவே மாட்டேன்" என்று பகடைகளைப் பரணில் போட்டுவிட்டுத் தியாகி வேடம் கட்டாதீர்கள். இப்படி விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை சோபாவில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவார்கள், அடுத்த சண்டையில் "உங்களுக்காக எல்லாத்தையும் விட்டேனே" என்று கணக்குப் புத்தகத்தைத் திறப்பார்கள். அது வீட்டில் இருக்கிறவர்களுக்கு இரட்டைத் தண்டனை. உங்களை யாரும் விடச் சொல்லவில்லை. தம்பிகூடச் சொல்லவில்லை, கடிதத்தை நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள்.

தம்பியிடம் நேரில் போங்கள். போனில் வேண்டாம். விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள், தப்பில்லை என்றும் வேண்டாம், தப்பு என்றும் வேண்டாம். "அன்றைக்கு நான் வந்திருக்கணும், வரவில்லை" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "ஆனால்" என்று அடுத்த வாக்கியம் ஆரம்பிக்க நாக்கு துடிக்கும். கடித்துக்கொள்ளுங்கள். அவர் திட்டினால் கேளுங்கள். திட்டாமல் சும்மா இருந்தால் அதுதான் கஷ்டம், அதையும் உட்கார்ந்து கேளுங்கள்.

அப்புறம் மருந்துச் சீட்டு, ரிப்போர்ட், அடுத்து எப்போது வரச்சொன்னார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். இனி மருத்துவமனைக்கு அப்பாவைக் கூட்டிப்போவது நீங்கள். "முடிந்தபோது நானும் வருகிறேன்" என்ற கதை வேண்டாம். ஆறு வருடம் ஒரே ஒரு மாலை தவிர எதையும் தள்ளிப்போடாமல் ஐந்து பேரின் நேரத்தைச் சேர்த்து, கதையைத் தயார்செய்து, யார் எங்கே நின்றார் என்பதை நினைவில் வைத்து நடத்தியவர் நீங்கள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று உங்களால் நினைவு வைத்துக்கொள்ள முடியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

நண்பர்களிடமும் உண்மையைச் சொல்லுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அன்று அப்பா ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார் என்று அவர்களிடம் சொன்னீர்களா? குழந்தையின் காய்ச்சலுக்கு ஆட்டத்தை நிறுத்தச் சம்மதித்தவர்கள், இதைக் கேட்டுவிட்டுப் பகடை உருட்டியிருப்பார்களா? அவர்களே உங்களைத் தள்ளிக்கொண்டு மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள். சொல்லாமல்தான் ஆடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அவர்களுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

ஒரு மாதம் மாஸ்டர் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுங்கள். அவர் ஒரே மாலையில் முடிகிற ஒன் ஷாட் கதைகளை நடத்தட்டும். உங்கள் பெரிய கதை எங்கும் போகாது. கேரக்டர் ஷீட்டில், அதாவது பாத்திரத்தின் விவரத் தாளில், பென்சிலால் எழுதியது அப்படியே இருக்கும். உயிரோடு இருக்கும் மனிதர்களைத் தவிர எல்லாவற்றையும் பாதியில் நிறுத்திவைக்கலாம் என்பது இந்த விளையாட்டின் பெரிய சௌகரியம், அதை நீங்கள் பயன்படுத்தாமலே இருக்கிறீர்கள்.

கைகாக்ஸைப் பற்றி எழுதிய நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தான் வரைந்த முதல் கோட்டையின் நிலவறைக்குள் அவர் முதலில் இறக்கிவிட்டது தன் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைத்தான். உங்கள் அப்பா ஆபரேஷன் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மாலைகள் அவருக்கு நீளமாக இருக்கும். நான்கு பேரை மணிக்கணக்கில் கட்டிப்போடத் தெரிந்தவருக்கு அந்த எரிகிற பாலத்தின் கதையை அவரிடம் சொல்ல வராதா? அவருக்குப் பிடிக்காமல் போகலாம், நடுவில் தூங்கிவிடலாம். பரவாயில்லை, உட்கார்ந்து சொல்லுங்கள்.

எல்லோருக்கும் புரியவைக்கும் வேலையை விட்டுவிடுங்கள். அடுத்த முறை எனக்கு எழுதினால் வரலாறு வேண்டாம். அப்பாவுக்கு என்ன ஆபரேஷன், டாக்டர் அடுத்து என்றைக்கு வரச்சொன்னார், அன்று அவரை யார் கூட்டிப்போனார்கள், இந்த மூன்றையும் மட்டும் எழுதுங்கள்.