குடியரசு நாள் ஜனவரி 26, அரசியலமைப்பு நாள் நவம்பர் 26: இரண்டும் ஒன்றுதானா? லீவு ஏன் ஒன்றுக்கு மட்டும்?

இரண்டுமே ஒரே சட்டப் புத்தகத்துக்கான நாள்கள்தான். 1949 நவம்பர் 26-ல், அதை எழுதிய அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றுக்கொண்டது. குடியுரிமை, தேர்தல் பற்றிய சில பிரிவுகள் அன்றைக்கே அமலாகிவிட்டன. மற்றதை 1950 ஜனவரி 26 வரை நிறுத்தி வைத்ததற்குக் காரணம் உண்டு. 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் முழு விடுதலைத் தீர்மானம் போட்டு, அடுத்த மாதம் 26-ஐ விடுதலை நாளாகக் கொண்டாடச் சொன்னது. நிஜ சுதந்திரம் ஆகஸ்ட் 15-ல் வந்துவிட்டதால், அந்தத் தேதியைக் குடியரசுக்குக் கொடுத்தார்கள். நவம்பர் 26-ஐ அரசியலமைப்பு நாளாக அறிவித்தது 2015-ல்தான். லீவு கிடையாது, முகப்புரையை வாசித்து உறுதிமொழி எடுப்பதோடு சரி.

அந்த நிர்ணய சபையில் எங்கள் செட்டிநாட்டு ஆளும் உண்டு: ராஜா சர் முத்தையா செட்டியார், சென்னை மாகாண உறுப்பினர்.

ஆனால் காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஜனவரி 26-க்கு மவுசு வேறு காரணத்தால். அன்று ஊர் வாக்காளர்கள் கூடும் கிராம சபை. 1992-ல் நிறைவேறிய 73-வது திருத்தம்தான் அதை அரசியலமைப்புக்குள் கொண்டுவந்தது. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் ஓர் ஆச்சி விடவில்லை. ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் கருவேலம் மண்டிக் கிடக்கிறது என்றார். கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் பற்றாளராக வந்தவர், “எழுதிக்கிறோம் ஆச்சி” என்றார். “போன வருசமும் இதத்தான எழுதுனீக? அந்தப் பக்கத்தைத் திருப்பிப் படிங்க தம்பி.” ஊராட்சிச் செயலர் பக்கத்தைத் தேடி எடுத்தார். அதே தீர்மானம், ஏறக்குறைய அதே வரிகள். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. அப்புறம்தான் வரவு செலவுக் கணக்கையே வாசித்தார்கள். டெல்லி அணிவகுப்பை டிவியில் பார்ப்பதைவிட எனக்கு இது பெரிதாகப் பட்டது.

உங்கள் ஊர் ஊராட்சி என்றால் போய் உட்காருங்கள். தீர்மானத்தை எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள். ஜனவரி 26 தவறினால் மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இருக்கின்றன. நவம்பர் 26 மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. என்னைக் கேட்டால், லீவு விடாவிட்டாலும் பரவாயில்லை, அன்றும் ஒரு கிராம சபை வைக்கலாம்.