ஜப்பான் ரெக்கார்டு விருது: கேள்விகளும் பதில்களும்

ஜப்பானிய வெகுசன இசை விருதுகளைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் 1959-இல் தொடங்கிய ஜப்பான் ரெக்கார்டு விருதையே சுற்றி வந்தன என்பதால் பதில்களும் அதை மையமாகக் கொண்டவையே. அந்த விருதின் உச்சப் பரிசை ‘பெருவிருது’ என்று குறிப்பிடுகிறேன்.

கேள்வி: இந்த விருதைத் தொடங்கியவர்கள் யார்? இசைத்தட்டு நிறுவனங்களா, தொலைக்காட்சியா?

இரண்டும் அல்ல, இசையமைப்பாளர்கள். கோகா மசாவோ, ஹட்டோரி ரியோயிச்சி ஆகிய இரு மூத்த இசையமைப்பாளர்களின் முன்முயற்சியில் ஜப்பான் இசையமைப்பாளர் சங்கம் இதை நிறுவியது. அதே ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய கிராமி விருதுதான் அவர்களுக்கு முன்மாதிரி. பாடலைப் பாடியவருக்கு மட்டுமல்லாமல், அதை எழுதியவர், மெட்டமைத்தவர், வாத்திய அமைப்பைச் செய்தவர் ஆகிய எல்லோருக்கும் உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். பெருவிருது பாடகருக்கு அல்ல, படைப்புக்கு வழங்கப்படுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், ‘இவருக்கு ஏன் கிடைக்கவில்லை’ என்ற வகையிலான பல கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

கேள்வி: முதல் பெருவிருது யாருக்குக் கிடைத்தது?

மிசுஹாரா ஹிரோஷி பாடிய ‘குரோய் ஹானாபிரா’ என்ற பாடலுக்கு. 1959 டிசம்பர் 27 அன்று தோக்கியோவின் புங்க்யோ பொது மண்டபத்தில் விழா நடந்தது. பாடகர் அந்த ஆண்டுதான் அறிமுகமானவர். பாடலை எழுதிய எய் ரொகுசுகேயும் இசையமைத்த நகமுரா ஹாச்சிதாயும் வானொலி, தொலைக்காட்சி, ஜாஸ் மேடைகளிலிருந்து வந்த இளைஞர்கள். பழைய பாணியில் ஊறிய மூத்தவர்கள் நிறுவிய விருது, முதல் ஆண்டிலேயே புதியவர்களின் கைக்குப் போனது. இதை அந்த மூத்தவர்களின் பெருந்தன்மை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த சகமோட்டோ க்யூவின் பாடலுக்குப் பெருவிருது கிடைத்ததா?

இல்லை. ‘உவே ஓ முயிதே அருகோ’ 1961-இல் வெளிவந்தது. அந்த ஆண்டின் பெருவிருது ஃபிராங்க் நகாயி பாடிய ‘கிமி கோயிஷி’க்குச் சென்றது, அதுவோ 1929-இல் ஃபுதாமுரா தெயிச்சி பாடிப் புகழ்பெற்ற பாடலின் மறுபதிவு. சகமோட்டோவின் பாடல் ‘சுகியாகி’ என்ற பெயரில் 1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்குள் ஜப்பானில் அந்தப் பாடலின் விருது ஆண்டு கடந்துவிட்டிருந்தது. எனினும் அதை உருவாக்கியவர்களும் எய், நகமுரா இருவரே. 1963-இல் அஸுசா மிச்சியோ பாடிய ‘கொன்னிச்சிவா அகாச்சான்’ வழியாக அவர்கள் இரண்டாம் முறை பெருவிருது பெற்றார்கள்.

கேள்வி: மிசோரா ஹிபாரி அவ்வளவு பெரிய பாடகி. அவருக்கு எத்தனை முறை கிடைத்தது?

ஒரே ஒரு முறை, 1965-இல், ‘யவாரா’ என்ற பாடலுக்கு. ஜூடோவைப் பற்றிய பாடல் அது. முந்தைய ஆண்டுதான் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றிருந்தது. இசையமைத்தவர், விருதை நிறுவியவர்களில் ஒருவரான கோகா மசாவோ. நிறுவியவரின் பாடலுக்கே விருதா என்று கேட்கலாம். ஆனால் தாழ்ந்த குரலில் அடக்கத்துடன் தொடங்கி மெல்ல மெல்ல உறுதி ஏறிக்கொண்டே போகும் ஹிபாரியின் பாடும் முறையைக் கேட்டவர்கள் அந்தத் தேர்வில் குறை காணமாட்டார்கள். இதற்கு முன்பே, 1960-இல், அவர் பாடும் திறனுக்கான பரிசைப் பெற்றிருந்தார்.

அவர் 1989 ஜூன் 24 அன்று காலமானார். அவருடைய கடைசிக் காலப் பாடலான ‘கவா நோ நகாரே நோ யோ நி’ அந்த ஆண்டின் போட்டியில் இருந்தது. அதற்கே கிடைக்கும் என்று பலர் நம்பினார்கள். பெருவிருது விங்க் என்ற இரு இளம்பெண்களின் பாடலுக்குச் சென்றது. ஹிபாரியின் அந்தப் பாடலை எழுதிய அகிமோட்டோ யசுஷி, பின்னாளில் ஏ.கே.பி. 48, நோகிசாகா 46 ஆகிய குழுக்களை உருவாக்கி, 2011, 2012, 2017, 2018 ஆகிய நான்கு ஆண்டுகளில் பாடலாசிரியராகப் பெருவிருதில் பங்குபெற்றார்.

கேள்வி: பாடகர்கள் விருது விழாவிலிருந்து இன்னொரு அரங்குக்கு ஓடினார்கள் என்று படித்தேன். உண்மையா ஐயா?

உண்மைதான். 1969 முதல் 2005 வரை இந்த விழா டிசம்பர் 31 அன்று நடந்தது. அதே இரவில்தான் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ‘கோஹாகு’ நிகழ்ச்சியும் நடக்கும். பெண் பாடகர்கள் சிவப்பு அணியாகவும் ஆண் பாடகர்கள் வெள்ளை அணியாகவும் பிரிந்து பாடும் அந்த நிகழ்ச்சியைக் கேட்காமல் ஜப்பானில் ஆண்டு முடிவதில்லை. விருது விழா இரவு 7 மணியளவில் தொடங்கி 9 மணிக்குச் சற்று முன்பு முடியும்; 9 மணிக்குக் கோஹாகு தொடங்கும். பெருவிருது பெற்றவர் கண்ணீரோடு பாடலை மீண்டும் ஒருமுறை பாடி முடித்த கையோடு காரில் ஏறியாக வேண்டும்.

தொடக்கத்தில் இது அவ்வளவு சிரமமாக இல்லை. விழா நடந்த பேரரசு நாடக அரங்கும், அக்காலத்தில் கோஹாகு நடந்த தக்கராசுகா நாடக அரங்கும் நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்தன. 1973-இல் கோஹாகு ஷிபுயாவிலுள்ள என்.எச்.கே. மண்டபத்துக்கு மாறிய பிறகுதான் நகரத்தின் குறுக்கே விரைய வேண்டிய நிலை வந்தது. பார்வையாளர்களுக்கோ இது இரட்டை விருந்து: முதல் அரங்கில் அழுத பாடகி, சில நிமிடங்களில் இரண்டாம் அரங்கில் புதிய உடையில் சிரித்துக்கொண்டு நிற்பார். 1977-இல் விருது விழாவின் தொலைக்காட்சிப் பார்வையாளர் விகிதம் 50.8 சதவீதத்தை எட்டியது. அதுவே அதன் உச்சம்.

1989-இல் கோஹாகுவின் தொடக்க நேரம் மாலைக்கு முன்னகர்த்தப்பட்டது. இரு நிகழ்ச்சிகளும் ஒரே நேரத்தில் மோத, விருது விழாவின் பார்வையாளர்கள் குறையத் தொடங்கினார்கள். கடைசியில் 2006 முதல் விழாவை டிசம்பர் 30-க்கு மாற்றிக்கொண்டார்கள்.

கேள்வி: பெருவிருது பெற்ற பாடல்களில் உங்கள் மனத்துக்கு நெருக்கமானது எது?

தயக்கமின்றிச் சொல்வேன்: 1972-இல் சியாக்கி நவோமி பாடிய ‘கஸ்ஸாய்’. யோஷிதா ஓ எழுதி, நகமுரா தாய்ஜி இசையமைத்த பாடல். மேடைப் பாடகி ஒருத்திக்கு, திரை விலகும் நேரத்தில், கருப்பு விளிம்பிட்ட இறப்புச் செய்தி வந்து சேர்கிறது. இறந்தவன், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, போகாதே என்று தடுத்தவன். அவனை உதறிவிட்டு ரயிலேறியவள் அவள். கிராமத்துத் தேவாலயத்தின் முன்னே துக்க உடையில் நிற்கிறாள். பிரார்த்தனை கூட வாயில் வரவில்லை. கடைசிப் பகுதியில், இன்றும் அவள் விளக்கொளியில் நின்று காதல் பாடலைப் பாடிக்கொண்டிருக்கிறாள். ‘கைதட்டல்’ என்று பொருள்படும் தலைப்பை வைத்துக்கொண்டு, பாடல் முழுவதும் கைதட்டல் பற்றி ஒரு சொல் கூடப் பேசாமல் முடித்திருக்கிறார்கள்.

அந்தப் பாடல் செப்டம்பர் 10 அன்றுதான் வெளிவந்தது. கொயானாகி ருமிகோவின் ‘செத்தோ நோ ஹானாயோமே’ அந்த ஆண்டு நாடெங்கும் ஒலித்த பாடல். பெருவிருதுக்கு அதுவே முன்னணியில் இருந்தது. நான்கு மாதம் கூட நிரம்பாத பாடல் அதை வென்றது. கணவர் 1992-இல் இறந்த பிறகு சியாக்கி நவோமி மேடையேறவே இல்லை. இந்த உண்மையை அறிந்த பின் அந்தப் பாடலை முன்பு போலக் கேட்க என்னால் முடிந்ததில்லை. இசையமைத்த நகமுரா தாய்ஜி, பத்து ஆண்டுகள் கழித்து ஹொசோகாவா தகாஷி பாடிய ‘கித்தசகாபா’ மூலம் மீண்டும் பெருவிருது பெற்றார்.

கேள்வி: பாடலாசிரியர்களில் யார் அதிகம் சாதித்தவர்?

அக்கு யூ. 1971, 1976, 1977, 1978, 1980 என ஐந்து முறை அவர் எழுதிய பாடல்கள் பெருவிருது பெற்றன. எண்ணிக்கையை விட என்னை வியக்க வைப்பது அவற்றின் வேறுபாடு. 1976-இல் மியாகோ ஹாருமி பாடிய பாடலில், வடக்கே ஒரு விடுதியில் ஒரு பெண், அவன் அணியவே போவதில்லை என்று தெரிந்தும் குளிரில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள். 1977-இல் சவாதா கென்ஜி பாடியதில், அவள் பெட்டி கட்டும் ஓசையைக் கேட்டபடி ஓர் ஆண் சுவர்ப்பக்கம் திரும்பி உறங்குவது போலப் படுத்திருக்கிறான். அடுத்த ஆண்டு பிங்க் லேடி பாடியதிலோ காதலன் வேற்றுக்கோள்வாசி!

1971-இன் பாடலுக்கு ஒரு கதை உண்டு. த்சுத்சுமி க்யோஹெய் அந்த மெட்டை முதலில் அறைக் குளிரூட்டி (ஏ.சி.) விளம்பரம் ஒன்றுக்காக அமைத்தார், அது பயன்படவில்லை. பிறகு அக்கு யூ அதற்கு வரிகள் எழுத, ஒரு குழு பாடி வெளியிட்டது, அதுவும் எடுபடவில்லை. மெட்டை விட மனமில்லாமல் அவரிடமே மீண்டும் வரிகள் கேட்டார்கள். ஓசாகி கியோஹிகோ பாடிய அந்த மூன்றாம் வடிவம்தான் ‘மதா ஆவு ஹி மதே’. இருவரும் சேர்ந்தே கதவைச் சாத்தி, சேர்ந்தே பெயர்ப்பலகையில் பெயர்களை அழித்துப் பிரிகிறார்கள். கைவிட்டவனும் கைவிடப்பட்டவளும் இல்லாத பிரிவு, அன்றைய ஜப்பானியப் பாடலுக்குப் புதியது.

கேள்வி: தெரசா டெங் தைவானைச் சேர்ந்தவர். ஜப்பானிய விருதுகளில் அவருக்கு இடம் உண்டா?

உண்டு. 1974-இல் ‘கூகோ’ பாடலுக்காக ரெக்கார்டு விருதின் புதுமுகப் பரிசுகளில் ஒன்றைப் பெற்றார். பெருவிருது அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய உண்மையான வெற்றி வேறொரு மேடையில் நிகழ்ந்தது. ஜப்பானின் மதுக்கூடங்களிலும் உணவகங்களிலும் கம்பிவழி ஒலிபரப்பு இருந்தது. வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் அழைத்து விரும்பிய பாடலைக் கேட்பார்கள். அந்தக் கோரிக்கைகளின் அடிப்படையில் 1968 முதல் தோக்கியோவிலும் ஒசாகாவிலும் தனித்தனி விருதுகள் நடந்தன. இரண்டிலும் 1984, 1985, 1986 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதற்பரிசு தெரசா டெங்குக்கே. மூன்று பாடல்களையும் எழுதியவர் அராக்கி தோயோஹிசா, இசையமைத்தவர் மிக்கி தகாஷி. வேலை முடிந்து இரவில் தனியே குடிக்கவும் உண்ணவும் வந்தவர்கள் தொலைபேசியை எடுத்துக் கேட்டு வாங்கிய வெற்றி அது. எந்த நடுவர் குழுவின் தீர்ப்பையும் விட நான் அதை மதிக்கிறேன். தோக்கியோ விருது 2017-உடன் நின்றுவிட்டது.

தைவானில் பிறந்த இன்னொருவரான ஜூடி ஓங், 1979-இல் ‘மிசெராரேதே’ பாடலுக்குப் பெருவிருதையே வென்றார். கைகளை விரித்தால் சிறகு போல விரியும் அவருடைய வெள்ளை உடையை ஜப்பானில் நடுவயதைக் கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: அதிகம் விற்ற பாடலுக்கே விருது என்று வைத்திருந்தால் சர்ச்சையே இருக்காதே?

அப்படியும் ஒரு விருது இருக்கிறது. ஜப்பான் ரெக்கார்டிங் தொழில் சங்கம் 1987-இல் தொடங்கிய கோல்டு டிஸ்க் விருது விற்பனைக் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. ரெக்கார்டு விருதின் நடுவர்கள் செய்தித்தாள், ஒலிபரப்புத் துறையினரும் விமர்சகர்களும்தான். ஜப்பானில் மிக அதிகம் விற்ற தனிப்பாடல், 1975 டிசம்பரில் வெளிவந்த ‘ஓயோகே! தாயாகி-குன்’ என்ற சிறுவர் பாடல். 45 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. 1976-இன் பெருவிருது அதற்குச் செல்லவில்லை. நான் முன்பு சொன்ன ஸ்வெட்டர் பாடலுக்கே சென்றது. அந்தத் தேர்வு சரி என்பதே என் கருத்து.

கேள்வி: 1990-இல் இரண்டு பெருவிருதுகள் இருக்கின்றனவே, ஏன்?

ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாத அளவுக்கு இசை பிரிந்துவிட்டதால். 1990 முதல் 1992 வரை பாப், ராக் ஒரு பிரிவாகவும், எங்கா, கயோக்யோகு ஆகிய பழைய பாணிகள் இன்னொரு பிரிவாகவும் பரிசளிக்கப்பட்டன. முதல் ஆண்டில் ‘சிபி மருகோ-சான்’ அசைபடத்தின் ‘ஓதோரு பொம்பொகொரின்’ ஒரு பக்கம், ஹோரியுச்சி தகாவோவின் ‘கோயியுதா த்சுஸுரி’ மறுபக்கம். எந்தப் பாடல் எந்தப் பிரிவு என்பதிலேயே சச்சரவு எழுந்தது. 1993-இல் மீண்டும் ஒன்றாக்கினார்கள். இந்தப் பிரிப்பு விருதுக்கு நன்மை செய்யவில்லை என்றே நினைக்கிறேன். 1974-இல் நாட்டுப்புறப் பாணிப் பாடகர் யோஷிதா தகுரோ இசையமைத்து, எங்கா பாடகர் மோரி ஷின்இச்சி பாடிய ‘எரிமோ மிசாகி’ வென்றது. 1990-இன் விதிப்படி அதை எந்தப் பெட்டியில் போடுவது?

கேள்வி: தொடர்ந்து வென்றவர்கள் யார் யார்?

ஹொசோகாவா தகாஷி 1982, 1983. நகமோரி அகினா 1985, 1986. அமுரோ நமியே 1996, 1997. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதலில் வென்றவர் ஹமசாகி அயுமி (2001–2003). எக்சைல் குழு 2008 முதல் 2010 வரையிலும் பிறகு 2013-இலும் வென்றது. வெல்வதையே பொருட்படுத்தாதவர்களும் உண்டு: 1994-இல் பெருவிருது பெற்ற மிஸ்டர் சில்ட்ரன் குழு விழாவுக்கு வரவில்லை.

கேள்வி: 2025-இல் தொடங்கிய புதிய விருது பழையதன் இடத்தைப் பிடிக்குமா?

‘மியூசிக் அவார்ட்ஸ் ஜப்பான்’ 2025 மே மாதம் கியோத்தோவில் முதன்முறையாக நடந்தது. 60-க்கும் மேற்பட்ட பிரிவுகள். இசைத்துறையைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் வாக்களித்தார்கள். ஆண்டின் சிறந்த பாடலாக கிரீப்பி நட்ஸின் ‘பிளிங்-பாங்-பாங்-பார்ன்’, சிறந்த ஆல்பமாக ஃபுஜி கஸேயின் ‘லவ் ஆல் சர்வ் ஆல்’, சிறந்த கலைஞராக மிஸஸ் கிரீன் ஆப்பிள் குழு தேர்ந்தெடுக்கப்பட்டன. உலக அளவில் பரவிய ஜப்பானியப் பாடலுக்கென்று ஒரு பிரிவு வைத்து அதை யோஅசோபியின் ‘ஐடல்’ பாடலுக்கு வழங்கினார்கள்; 1961-இன் அமைப்பில் சகமோட்டோவின் பாடலுக்கு அப்படியோர் இடம் இருக்கவில்லை. இருந்தாலும் பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைக்கும் வழக்கத்தைப் பழைய விருது கைவிடாத வரை, அதன் டிசம்பர் 30 இரவை நான் விடமாட்டேன்.