மகனுக்கு 18 வயது ஆகப்போகிறது

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு வரும் தை மாதத்தில் 18 வயது நிறைகிறது. திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். மத்திய அரசுப் பணியிலிருக்கும் என் கணவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். சட்டப்படி பாதுகாவலர்களாகப் பதிவு செய்துகொண்டு, அவனையும் அழைத்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடலாமா?
– ஒரு தாய், மயூர் விஹார், டெல்லி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பள்ளி முடிந்த கையோடு வீடு, தெரு, மொழி என்று எல்லாமே ஒரே சமயத்தில் மாறினால் உங்கள் மகன் மிகவும் தடுமாறக்கூடும் என்பதால், ஊர் திரும்பும் முடிவைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அதைவிட அவசரமானது, தினமும் காலையில் அவர் கிளம்பிப் போக ஓர் இடம். ஜசோலாவில் உள்ள ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பு, வளர்ந்தவர்களுக்கான தொழிற்பயிற்சியிலும் ஈடுபட்டுவருகிறது. இடம் உண்டா என்று இப்போதே விசாரியுங்கள். பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு அவர் வாயால் பதில் சொல்லாமல் போகலாம். ஆனால் சில முறை அழைத்துச் சென்றால், எந்த வேலையிடம் தானாக நாடிப் போகிறார், எந்தச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொள்கிறார் என்பதே உங்களுக்குப் பதிலாகும்.

பயணத்தையும் இப்போதே பழக்கலாம். மயூர் விஹார்-1 நிலையத்தில் மெட்ரோ ரயிலின் நீல வழித்தடத்தில் ஏறி, பொட்டானிக்கல் கார்டனில் மெஜந்தா வழித்தடத்துக்கு மாறினால், மூன்றாவது நிலையம் ஜசோலா விஹார் ஷாஹீன் பாக். முதலில் அருகில் நில்லுங்கள். பிறகு பத்தடி பின்னால் வாருங்கள். பிறகு அடுத்த பெட்டியில் ஏறுங்கள். பயண கார்டைக் காட்டியும் நிலைய நுழைவுக் கதவு திறக்காதபோது நீங்கள் முந்திக்கொண்டு பேசாமல், உதவி கேட்டு எழுதிவைத்து ஊழியரிடம் நீட்ட வேண்டிய சிறு அட்டையை அவரே சட்டைப்பையிலிருந்து எடுக்கும்வரை காத்திருங்கள். தாய்க்கு அந்தச் சில நொடிகள் மிகக் கடினமானவை என்பதை நான் அறிவேன்.

18 வயதானதும் பெற்றோர் என்ற முறையிலான பாதுகாவல் உரிமை முடிந்துவிடுகிறது. அதன்பின் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பாதுகாவலரை நியமிக்கும் உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால், மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களைப் போலவே சட்டத் தகுதி உண்டு என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். வங்கியோ சொத்தோ சார்ந்து உண்மையான தேவை எழும்போது, அந்தத் தேவையின் அளவுக்கு மட்டும் கேட்பதே முறை என்பது என் கருத்து.

உங்கள் கணவர் மட்டும் ஒன்றைத் தள்ளிப்போடக் கூடாது. தானே சம்பாதித்து வாழ இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற விதியுண்டு. ஆகவே மகனின் பெயரையும் மாற்றுத்திறன் சான்றிதழையும் பணியில் இருக்கும்போதே அலுவலகத்தில் பதிவு செய்துவிடட்டும். தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கும் நாளுக்காக, மகனும் தினமும் ஒரே மாதிரி கையெழுத்திட்டுப் பழகட்டும்.