காரால் இடித்து, கம்பியால் அடித்தது ‘விபத்து’ ஆகுமா?

கேள்வி: நான் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கூலி வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு நாட்களுக்கு முன், விடியற்காலையில் வேலை முடித்துச் சைக்கிளில் ஒத்தக்கடைக்குத் திரும்பும்போது, பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். சாலை ஓரம் மணலாக இருந்ததால் உடனே ஒதுங்க முடியவில்லை. அவர் முந்திப்போய், காரை என் பக்கம் ஒடித்து இடித்தார். விழுந்து கிடந்த என்னை, இறங்கி வந்து இரும்புக் கம்பியால் அடித்தார். ‘கொன்னுருவேன்’ என்று சொல்லிவிட்டு மேலூர்ப் பக்கம் போய்விட்டார். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கார் எண் தெரியும். பெரியாஸ்பத்திரியில் கேட்டபோது பயத்தில் ‘சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டேன். காவல் நிலையத்தில் மனு ரசீது மட்டும் கொடுத்து, ‘விபத்துதான், பத்தாயிரம் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போங்கள்’ என்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு நடந்ததை விபத்து என்று எழுதுவதற்கும் தாக்குதல் என்று எழுதுவதற்கும் சட்டத்தில் உள்ள தூரம் மிகப் பெரியது. அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் வழக்கு முழுவதும் நிற்கிறது.

விபத்து என்று பதிவானால், 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றத் தண்டனைச் சட்டத்தின் 281, 125(பி) பிரிவுகளில் வழக்கு அமையும். கவனமின்றி ஓட்டிக் கொடுங்காயம் (எலும்பு முறிவு போன்ற கடுமையான காயம்) விளைவித்ததற்கு அதிகபட்சமாக மூன்றாண்டு சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோதான் தண்டனை. வேண்டுமென்றே அடித்து எலும்பை முறித்தார் என்றால் அது 117(2) பிரிவு. ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அதையே, தாக்கப் பயன்படுத்தினால் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய ஒரு கருவியால் செய்தார் என்றால் 118(2) பிரிவு பொருந்தும். அதற்கு ஓராண்டுக்குக் குறையாத, பத்தாண்டு வரையிலான சிறையோ ஆயுள் சிறையோ விதிக்கலாம். இரும்புக் கம்பி அத்தகைய கருவி என்பதில் ஐயமில்லை. ஒருவர் மீது வேண்டுமென்றே ஒடித்து மோதிய காரும் அப்படியே என்று வாதிட இடமுண்டு. கொலை மிரட்டலுக்கு 351(3) பிரிவு இருக்கிறது. கொலை முயற்சி என்றே புகார் எழுதச் சொல்லி உங்களைச் சிலர் தூண்டக்கூடும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், பிரிவைத் தீர்மானிப்பது புலனாய்வு அதிகாரியின் வேலை. கூட்டி எழுதிய ஒரு வரி, குறுக்கு விசாரணையில் உண்மையான பத்து வரிகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும். ஆனால் அவர் உங்கள் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசியிருந்து, நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும் இருந்தால், அந்தச் சொற்களை விடாமல் எழுதுங்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அப்போது சேரக்கூடும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது, மருத்துவமனையில் நீங்கள் சொன்ன வார்த்தை. காயத்தோடு வருபவர் எப்படிக் காயம்பட்டது என்று முதலில் சொல்வதைப் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். அதன் நகலைத்தான் நாங்கள் ஏ.ஆர். காப்பி என்கிறோம். எதிரி தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பதும் அதைத்தான். வலியிலும் பயத்திலும், போலீஸ் வந்தால் வேலை கெட்டுவிடுமே என்ற தயக்கத்திலும் ‘விழுந்துவிட்டேன்’ என்று சொன்னவர்கள் ஏராளம். எழுதியதை அடித்துத் திருத்தச் சொல்லி மருத்துவரிடம் போகாதீர்கள்; அது நடக்காது, நடந்தாலும் உங்களுக்கே கேடு. மாறாக, புகாரிலேயே, ‘மிரட்டலுக்குப் பயந்து மருத்துவரிடம் விழுந்ததாகச் சொன்னேன், நடந்தது இதுதான்’ என்று நீங்களாகவே முன்வந்து எழுதுங்கள். பின்னால் பிறர் கண்டுபிடிக்கும் முரண்பாட்டை விட, முதலிலேயே நீங்கள் சொல்லி விளக்கிய முரண்பாடு நீதிமன்றத்தில் உங்களுக்குக் குறைவான சேதத்தையே செய்யும். எக்ஸ்ரே படம், சிகிச்சைச் சீட்டு, காயச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை இப்போதே கேட்டு வாங்குங்கள். எலும்பு முறிவு தானாகவே கொடுங்காயம் என்பதால், எக்ஸ்ரே அறிக்கை இன்றி 117, 118(2) பிரிவுகளைப் பற்றிப் பேசவே முடியாது.

இனி காவல் நிலையம். மனு ரசீது என்பது முதல் தகவல் அறிக்கை அன்று. நீங்கள் சொல்வது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம். அத்தகைய தகவல் கிடைத்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173(2) பிரிவு சொல்கிறது. மறுத்தால், அதே புகாரை 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, அல்லது அந்த இடம் மாநகர எல்லைக்குள் வருமானால் காவல் ஆணையருக்கு, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் பலனில்லை என்றால், பிரமாணப் பத்திரத்தோடு அப்பகுதிக் குற்றவியல் நடுவரிடம் 175(3) பிரிவின் கீழ் மனுச் செய்யலாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதே மேலூர்ச் சாலையில்தான் இருக்கிறது என்பதற்காக நேரே அங்கே போக வேண்டாம். முதலில் நடுவரை அணுகும்படிதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

கார் எண் இருப்பதால் ஆள் கிடைப்பார். உரிமையாளரே ஓட்டினாரா என்ற கேள்வி மட்டும் எழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்படி, ஓட்டியவரின் பெயர், முகவரியை உரிமையாளர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் அச்சட்டத்தின் கீழ் ஒரு குற்றம் சாட்டப்பட்டிருந்தால்தான் அந்தப் பிரிவு வேலை செய்யும் என்பதால், ஆபத்தாக ஓட்டியதற்கான 184ஆம் பிரிவையும் சேர்க்கும்படி கேளுங்கள். கார் மேலூர்ப் பக்கம் போனது என்கிறீர்கள். வழியில் உள்ள பெட்ரோல் பங்க்குகளின் கேமராக்களும் சிட்டம்பட்டி சுங்கச்சாவடிப் பதிவும் புலனாய்வுக்கு உதவும். பழைய பதிவுகள் அழிந்துகொண்டே இருக்கும், பன்னிரண்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே அவற்றைக் கைப்பற்றும்படி எழுத்து மூலம், தேதியிட்டு இன்றே கொடுங்கள்.

பத்தாயிரம் ரூபாயைப் பற்றி. கொடுங்காய வழக்கில் 117(2) நீதிமன்ற அனுமதியோடுதான் சமரசமாகும். 118(2) சமரசத்துக்குரிய குற்றங்களின் பட்டியலிலேயே இல்லை. எனவே காவல் நிலையத்தில் எழுதி வாங்கும் ராஜிக் கடிதம் வழக்கைச் சட்டப்படி முடித்துவிடாது, ஆனால் உங்கள் வாயை அடைக்கப் பின்னால் பயன்படும். எலும்பு கூடும்வரை சைக்கிள் மிதிக்கவும் மூட்டை தூக்கவும் முடியாத நாட்களின் கூலியை முதலில் கணக்குப் பாருங்கள்.

கார் மோதியதால் ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். சட்டம் தரும் அவகாசம் ஆறு மாதம். வேண்டுமென்றே இடித்தது விபத்தாகாது என்று காப்பீட்டு நிறுவனம் ஆட்சேபிக்கும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு அஞ்சிப் புகாரை விபத்தாக மாற்றி எழுதச் சம்மதிக்கக் கூடாது என்பதே என் திடமான கருத்து. காரின் உரிமையாளரும் ஓட்டியவரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பணம் இல்லையே என்று நின்றுவிடாதீர்கள். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் குறைந்தவர் என்ற முறையில் இலவச வழக்கறிஞர் கேட்டு மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நெளிந்த சைக்கிளைப் பட்டறையில் விடாமலும், அன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்காமலும் அப்படியே வைத்திருங்கள். அவற்றைப் புலனாய்வு அதிகாரி கைப்பற்றும்போது, மகஜரில் (கைப்பற்றியதைப் பதியும் ஆவணத்தில்) சைக்கிளின் எந்தப் பக்கம் நெளிந்திருக்கிறது என்பதை எழுதச் சொல்லுங்கள்.