மாத்திரை, கேப்சூல் எப்படித் தயாராகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தைராய்டு மாத்திரை அட்டையில் 50 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறது. மாத்திரை அதைவிடப் பெரிதாக இருக்கிறதே, மீதியெல்லாம் வெறும் மாவுதானா?

மாவுதான், ஆனால் வெறும் மாவு இல்லை. 50 மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் 20-ல் ஒரு பங்கு. அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் விரலால் எடுக்கக்கூட முடியாது. மாத்திரை 100 மில்லிகிராம் எடை என்று வைத்துக்கொண்டால், மருந்து அதில் 2,000-ல் ஒரு பங்குதான். மீதி லாக்டோஸ், ஸ்டார்ச், செல்லுலோஸ் போன்றவை.

கலப்பதில்தான் கஷ்டமே. மருந்தோடு முதலில் அதே அளவு லாக்டோஸைக் கலக்க வேண்டும். அந்தக் கலவை எவ்வளவோ, மறுபடியும் அவ்வளவு லாக்டோஸ். இப்படி இரட்டித்துக்கொண்டே போவது ஒரு முறை. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிக் கிண்டினால், ஒரு மாத்திரையில் மருந்து கூடும், இன்னொன்றில் குறையும். அதனால்தான் பத்து மாத்திரைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று லேபில் தனித்தனியாக அளக்கிறார்கள். சராசரி மட்டும் சரியாக இருந்தால் போதாது.

பவுடரை அப்படியே அச்சில் போட்டு அழுத்தினால் மாத்திரை ஆகிவிடாதா?

சில மருந்துகள் ஆகும். சாதாரண பாராசிட்டமால் பவுடர் லேசில் மசியாது. அழுத்தி வெளியே வரும்போதே மாத்திரையின் மேல்பக்கம் மூடிபோலக் கழன்றுவிடும். இதைக் கேப்பிங் என்போம். அதனால் முதலில் ஸ்டார்ச் கூழோ போவிடோன் என்ற பசைப்பொருளின் கரைசலோ சேர்த்துக் குருணையாக்க வேண்டும். பதம் புட்டு மாவு மாதிரிதான்: பிடித்தால் பிடிபட வேண்டும், அழுத்தினால் பொலபொலவென்று உடைய வேண்டும். இப்போது மிக்சரிலேயே மீட்டர் இருக்கிறது, ஆனாலும் அனுபவமுள்ளவர்கள் உறை மாட்டிய கையால் ஒரு பிடி பிடித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

அப்புறம் சூடான காற்றில் உலர்த்திச் சலிக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் மாத்திரையை அழுத்தும் அச்சுத் தண்டில் ஒட்டும். ரொம்பக் காய்ந்தால் மறுபடி கேப்பிங். கடைசியில் ஒட்டாமலிருக்க மெக்னீசியம் ஸ்டியரேட், பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள். அதைச் சில நிமிடங்கள்தான் கலக்க வேண்டும். கூடுதலாக ஓடவிட்டால் குருணை முழுக்க மெழுகுபோலப் படிந்து, மாத்திரை தண்ணீரில் கரையத் தாமதமாகும்.

அச்சு மெஷின் எடை பார்த்துப் போடுவதில்லை. டை என்ற அச்சுக் குழிக்குள் எவ்வளவு குருணை கொள்கிறதோ, அதுதான் எடை. அதனால் ஷிஃப்ட் முழுக்க எடையையும் கெட்டியையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாத்திரைகளை டிரம்மில் போட்டு 100 சுற்று உருட்டியும் பார்ப்போம். உதிர்வது ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

சர்க்கரை மாத்திரை மலத்தில் முழுசாக வந்துவிடுகிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

மெட்ஃபார்மின் எஸ்ஆர், அதாவது மருந்தை மெதுவாக விடும் வகை என்றால் பயப்பட வேண்டாம். தண்ணீர் பட்டதும் அது களிபோல ஊதிக்கொண்டு, மருந்தை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். வெளியே வருவது பெரும்பாலும் கூடுதான். சர்க்கரை அளவு ஏறியிருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு மாத்திரைகளைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறேன். சரிதானா?

எல்லா மாத்திரைக்கும் சரியில்லை. எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர் என்று பெயரோடு இருந்தால் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பான்டோபிரசோல் மாதிரியான மாத்திரைகளுக்கு அமிலத்தில் கரையாத பூச்சு உண்டு. தொழிற்சாலையில் இரண்டு மணி நேரம் அமிலத்தில் வைத்தும் அது உடையவில்லை என்று பார்த்த பிறகே வெளியே அனுப்புகிறோம். நீங்கள் அம்மியில் வைத்து நசுக்கினால் மருந்து வயிற்று அமிலத்திலேயே வீணாகும். புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் மெத்தோட்ரெக்ஸேட் போன்றவற்றைப் பொடித்தால் தூசி உங்களுக்கும் கெடுதல். மாத்திரைகளை மருந்தாளுநரிடம் ஒரு முறை காட்டுங்கள். பலவற்றுக்கு சிரப்போ கரையும் வகையோ கிடைக்கும்.

நடுவில் கோடு இருந்தால் உடைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் உடைக்கலாம். ஆனால் சில மாத்திரைகளில் கோடு அழகுக்குத்தான், கேட்டுவிட்டு உடையுங்கள்.

கேப்சூல் சைவமா?

சாதாரண கேப்சூல் ஜெலட்டின். மாடு, பன்றியின் எலும்பிலோ தோலிலோ எடுப்பது. ஸ்டீல் ஊசிகளை அந்தக் கரைசலில் முக்கி, உலர்த்தி, உருவி, வெட்டி, மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் பொருத்துகிறார்கள். செல்லுலோஸிலிருந்து செய்யும் எச்பிஎம்சி கேப்சூல் சைவம். அட்டையில் பாருங்கள்.

வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டு வைக்கலாமா?

பல மாத்திரைகளுக்கு ஒரு வாரம் பாதகமில்லை. இருபுறமும் அலுமினியமாக வரும் அட்டை, ஈரம் உறிஞ்சும் பை போட்ட பாட்டில், இவற்றில் வருபவற்றை மட்டும் பிரிக்காதீர்கள். ஈரம் ஆகாது என்பதால்தான் அந்தப் பேக்கிங். அட்டையை ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்தும் வைக்காதீர்கள். கண் மங்கிய பெரியவர்கள் கூர்முனையோடு அப்படியே விழுங்கி, உணவுக்குழாய் கிழிந்ததுண்டு.